வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால்: அன்று ராத்திரி என்ன செய்வது, அடுத்த தடவை எப்படித் தப்பிப்பது

ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கண் எரிந்து தூக்கம் கலைகிறது. மணலை அள்ளிக் கண்ணுக்குள் கொட்டியது போல உறுத்தல், தாரை தாரையாகத் தண்ணீர், ட்யூப் லைட்டைப் போட்டால் இமை தானாக இறுக மூடிக்கொள்கிறது. முகம் கழுவினாலும் போகவில்லை. இப்படி ஆனவரிடம், பகலில் எங்காவது வெல்டிங் நடந்த இடத்தில் நின்றீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா, வீட்டுல கேட் மாட்டினாங்க, கொஞ்ச நேரம்தான் பக்கத்துல நின்னேன்" என்பார். அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

பட்டறைகளில் இதை "ஆர்க் அடிச்சிருச்சு", "வெளிச்சம் அடிச்சிருச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். உண்மையில் இது கருவிழியின் மேல் தோல் வெந்துபோகிற காயம். பெரும்பாலும் தானாக ஆறிவிடும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் ஆறவிடாமல் செய்கிற வேலைகளை நம் ஆட்கள் நிறையவே செய்கிறார்கள். அதையும் பார்ப்போம்.

இதில் அடிபடுகிறவர் எப்போதும் ராடு பிடிக்கிற வெல்டர் என்று நினைக்காதீர்கள். அவர் கையில் முகத்தை மறைக்கிற ஷீல்டு இருக்கிறது. ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெல்ப்பர், மட்டம் பார்க்க நிற்கிற வீட்டுக்காரர், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள், பக்கத்தில் கிரைண்டிங் போடுகிறவர், இவர்களிடம் ஒன்றும் கிடையாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதே, வேலை செய்கிறவரோடு அதை ஒட்டி நிற்கிறவரையும் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் தெருவோரப் பட்டறையிலும் வீட்டு வாசலிலும் அந்தப் பக்கத்து ஆளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஏன் ராத்திரியில் வலிக்கிறது?

ஆர்க்கிலிருந்து, அதாவது ராடு முனையில் எரிகிற மின்பொறியிலிருந்து, வருகிற வெளிச்சத்தோடு கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிரும் வருகிறது. சூரியனிடமும் அது உண்டு, ஆனால் அதன் மூன்று ரகங்களில் மோசமானது, அலைநீளம் 280 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது, ஓசோன் படலத்திலேயே நின்றுவிடும். வெல்டிங் ஆர்க்குக்கும் உங்களுக்கும் நடுவே ஓசோன் படலம் எதுவும் இல்லை, மூன்று ரகமும் நேராக வந்து விழுகிறது. கருவிழியின் மேல் அடுக்கு அதைப் பெரும்பாலும் தானே வாங்கிக்கொள்கிறது. அடிபட்ட செல்கள் அந்த நிமிஷமே சாவதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் உதிர ஆரம்பிக்கும், உதிர்ந்த இடத்தில் நரம்பு முனைகள் திறந்துகொள்ளும், அதன் மேல் இமை ஒவ்வொரு தடவை உரசும்போதும் உயிர் போகும். உடம்பில் நரம்பு நெருக்கமாக இருக்கிற இடங்களில் கருவிழிக்கு முதல் வரிசை என்பதால் சின்னப் புண்ணுக்கும் வலி பெரிதாக இருக்கிறது. பொதுவாக 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வலி வரும். கிட்டத்தில் நின்று நிறைய வாங்கியிருந்தால் அரை மணி, ஒரு மணியிலேயே தொடங்கிவிடும்.

இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது. சுட்டால் கையை உடனே எடுத்துவிடுவோம். இதில் படும்போது சுடவே இல்லை, கொஞ்சம் கூசியது, அப்புறம் கண்ணுக்குள் ஒரு பச்சைப் புள்ளி மிதந்தது, அது போனதும் சரியாகிவிட்டது என்று சாயங்காலம் வரை அங்கேயே நிற்கிறோம். ஒரே நாளில் படுவதெல்லாம் கூடிக்கொண்டே போகும் என்பதையும் மறக்கக் கூடாது. காலையில் இரண்டு டாக் (துண்டு நகராமல் இருக்க வைக்கிற சின்னப் பொட்டு வெல்டிங்), மத்தியானம் நான்கு டாக், சாயங்காலம் பக்கத்து ஆள் போட்ட ஒரு முழு ஜாயின்ட், எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறுகிறது.

இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது

முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். (லென்ஸ் போட்டு வெல்டிங் பார்த்தால் அது உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய புரளி, இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒட்டாது. ஆனால் புண்ணான கண்ணில் லென்ஸ் இருப்பது கிருமிக்கு வசதி, அதனால் கழற்ற வேண்டும்; கண் முழுக்க ஆறும்வரை திரும்பப் போட வேண்டாம்.)

கண்ணைக் கசக்காதீர்கள். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம், ஏனென்றால் உள்ளே ஏதோ தூசி இருக்கிறது என்று மூளை அடித்துச் சொல்லும். உள்ளே ஒன்றும் இல்லை, புண்தான் இருக்கிறது, கசக்கினால் பிடிப்பு விட்ட செல்களும் சேர்ந்து உரிந்து வரும். அறையை இருட்டாக்குங்கள், போனைத் தூர வையுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை எதுவும் இல்லாத பெரியவர்கள் ஐபுபுரூஃபன் போட்டுக்கொள்ளலாம். மெடிக்கல் திறந்திருந்தால் கண் வறட்சிக்குத் தருகிற வெறும் ஈரப்பத சொட்டு மருந்து, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்று அட்டையில் போட்டிருக்கும், அதை வாங்கி மணிக்கு ஒரு தரம் விடலாம். இமை உரசுவது கொஞ்சம் குறையும். வண்டி ஓட்டாதீர்கள், கண் பாதி மூடிய நிலையில் ஆஸ்பத்திரிக்கே போவதானாலும் யாராவது கூட்டிப்போகட்டும்.

அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் அந்த அடுக்கு தானாக முளைத்துக்கொள்ளும்.

இனி செய்யக் கூடாதது. இங்கே கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வெல்டிங் கண்ணுக்கு என்று நம் ஊரில் ஒரு பெரிய கைவைத்தியப் பட்டியலே இருக்கிறது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, உருளைக்கிழங்கைச் சீவி வைப்பது, பன்னீர் ஊற்றுவது. ஜில்லென்று இருப்பதால் ஒரு சுகம் கிடைக்கும், அதை இல்லையென்று சொல்லவில்லை. ரெண்டு நாளில் கண்ணும் ஆறிவிடும், எப்படியும் ஆறியிருக்கும், பேர் மட்டும் தாய்ப்பாலுக்குப் போய்விடும். மேல் தோல் உரிந்த கருவிழியில் கிருமி நுழைய எந்தத் தடையும் இல்லை, அதில் சுத்தம் செய்யாத எதை விட்டாலும் சீழ்ப்புண்ணுக்கு வழி. தென்னிந்தியாவில் பூஞ்சைத் தொற்றால் வருகிற கருவிழிப் புண் வேறு அதிகம், அது வந்தால் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரைக்கும் போகும். மூன்று நாள் வலியை மூன்று மாத வலியாக்கிக்கொள்ள வேண்டாம். வீட்டில் பாட்டியோ அத்தையோ கேட்கவே மாட்டேன் என்றால், மூடிய இமையின் மேல் நனைத்த துணியைப் போடுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள், கண்ணுக்குள் எதுவும் போக வேண்டாம்.

இதைவிட ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் "வெல்டிங் அடிச்சிருச்சு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று வாங்குவது. அதில் இரண்டு வகை மாட்டும். ஒன்று டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்தது. விட்டதும் சிவப்பு குறையும், ஆனால் உள்ளே பூஞ்சையோ வைரஸோ இருந்தால் அதற்கு வேலி திறந்துவிட்ட கதைதான். இன்னொன்று மரத்துப்போகச் செய்கிற சொட்டு, புரோபாரகெய்ன் வகை. டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவார், விட்ட அடுத்த நிமிஷம் வலி மாயமாகிவிடும், "இதையே எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று எல்லோரும் கேட்பார்கள், அவர் தரமாட்டார். காரணம் இருக்கிறது. அந்த மருந்து புது செல்கள் முளைப்பதைத் தடுக்கிறது, வலி தெரியாததால் நாம் கசக்கிக்கொண்டே இருப்போம், நாள்கணக்கில் விட்டால் கருவிழியே கரைகிற நிலை வரும். பட்டறையில் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று கடன் வாங்கி விடாதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் மறுநாள் காலையிலேயே போங்கள். ஆர்க் வெளிச்சம் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்தான் அடிக்கும். ஒன்றில் மட்டும் என்றால் கிரைண்டிங் பொறியோ ராடு கசடோ உள்ளே உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரும்புத் துகள் ஒரு நாளிலேயே துருப்பிடித்துக் கருவிழியில் வளையமாகக் கறை விடும், ஊசி முனையாலும் தீக்குச்சியாலும் நெம்பி எடுக்கிற பட்டறை வைத்தியத்தை இனியாவது விட்டுவிடலாம். சுத்தியலால் இரும்பை அடிக்கும்போது சுருக்கென்று பட்டிருந்தால் மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, துகள் கண்ணைத் துளைத்து உள்ளேயே போயிருக்கலாம்.

மற்றபடி, ஒரு நாள் கழிந்தும் வலி குறையாவிட்டால், பார்வை மங்கியே இருந்தால், சீழ் வந்தால், கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால், அப்புறம் லென்ஸ் போடுகிறவராக இருந்தால், போயே ஆக வேண்டும். பார்க்கிற இடத்தின் நடுவில் மட்டும் கருப்பாகவோ மங்கலாகவோ ஒரு திட்டு நின்றால் அது வேறு விஷயம், விழித்திரை சுட்டிருக்கலாம். ஆர்க்கையோ சூரியனையோ நேராக முறைத்துப் பார்த்தவர்களுக்கு அது வரும், வலியே இருக்காது, அதனால்தான் விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். உரிந்த இடமெல்லாம் பச்சைப் பச்சையாகப் பொடிப் புள்ளிகளாக ஒளிரும். தேவையானால் கிருமிக்கொல்லி மருந்தும், கண் தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற சொட்டும் தருவார்கள். என்ன மாதிரி வெல்டிங், எவ்வளவு நேரம், கிரைண்டிங் நடந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். "தூசி விழுந்திருச்சு" என்று மட்டும் சொன்னால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். ராத்திரியில் கேட்க ஆள் இல்லை என்றால் தமிழ்நாட்டில் 104-க்கு அடித்து ஆலோசனை கேட்கலாம்.

ராடு பிடிக்கிறவருக்கு

கருமை நம்பர் பார்த்துக் கண்ணாடி வாங்குங்கள். கேட், கிரில் வேலையில் பன்னிரண்டு கேஜ், பத்து கேஜ் ராடுகளுக்கு 10 அல்லது 11-ஆம் நம்பர் கண்ணாடி சரியாக இருக்கும். 160 ஆம்பியருக்கு மேல் போனால் 12. கேஸ் வெல்டிங் கண்ணாடி 5-ஆம் நம்பர் வாக்கில்தான் இருக்கும், அதைப் போட்டு ஆர்க் அடிப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். வெளிச்சத்துக்கும் பத்தாது, முகமும் கழுத்தும் திறந்தே கிடக்கும், ரெண்டு நாளில் தோல் உரியும். கூலிங் கிளாஸ் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொள்கிறவர்களையும் பார்க்கலாம். அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஷீல்டில் முன்னால் ஒரு வெள்ளைக் கண்ணாடி, உள்ளே கருப்புக் கண்ணாடி. முன்னால் இருப்பது பொறி பட்டுப் பட்டு அம்மைத் தழும்பாகிவிடும், அப்புறம் வேலை சரியாகத் தெரியாது, தெரியாததால் டாக் வைக்கும்போது ஷீல்டை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்ப்போம். முக்கால்வாசி பிரச்சினை இங்கேதான் ஆரம்பம். சில்லறைக் காசு விலைக்குக் கிடைக்கிற அந்த வெள்ளைக் கண்ணாடியை அடிக்கடி மாற்றினால் எட்டிப் பார்க்கிற பழக்கமே குறையும். கருப்புக் கண்ணாடியை ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எங்காவது கோடாக வெளிச்சம் தெரிந்தால் விரிசல், தூக்கிப் போடுங்கள். எம்-சீல் வைத்து ஒட்டுவதெல்லாம் வேண்டாம். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடுக்கு இருந்தாலும் அதே கதைதான்.

கையில் பிடிக்கிற ஷீல்டில் ஒரு கை மாட்டிக்கொள்வதால்தான் டாக் வைக்கும்போது அதைக் கீழே போடுகிறோம். ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் பீஸ், ஷீல்டுக்குக் கை எங்கே இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். மூடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே ராடு தொட்டுவிடும், ஒரு நாளில் எத்தனை டாக் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தலையில் மாட்டுகிற ஹெல்மெட்டுக்கு மாறுங்கள், முடிந்தால் தானாகக் கருக்கிற வகை. அது சாதாரணமாக ஓரளவு தெளிவாக இருக்கும், ஆர்க் பிடித்ததும் கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாகக் கருத்துவிடும். தரமானதில் பேட்டரி தீர்ந்து கருக்காமல் போனாலும் புற ஊதாக் கதிரை மறிக்கிற வடிகட்டி எப்போதும் வேலை செய்யும், கண் கூசுமே தவிர ராத்திரி எரியாது. வாங்கும்போது வெயில் பக்கம் திருப்பிப் பாருங்கள், சட்டென்று கருக்க வேண்டும். சென்சார் கண்களைக் கையோ குழாயோ மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிக் வெல்டிங் செய்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறைவு, புகை இல்லை, பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அதில் விடுகிற ஆர்கான் வாயுவில் கதிர் அதிகம், அதை மறைக்கப் புகையும் இல்லை, பளபளப்பான தகடு அதை அப்படியே திருப்பி அடிக்கும். இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்க்கும்போது பின்னால் இருப்பவரின் வெளிச்சம் உங்கள் ஷீல்டின் உட்புறக் கண்ணாடியில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கே வரும். நல்ல ஷீல்டு வைத்திருந்தும் எப்படி அடித்தது என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். உட்கார்கிற இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் நடுவே ஒரு மறைப்பு.

மற்ற எல்லோருக்கும்

ஹெல்ப்பருக்கு இரண்டு பக்கமும் மூடிய பாலிகார்பனேட் வெள்ளைக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பார்க்கச் சாதாரணக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் புற ஊதாக் கதிரை அந்தப் பிளாஸ்டிக்கே கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும், நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம், கிரைண்டிங் பொறிக்கும் ஆகும். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கையே பார்க்கலாம் என்று அர்த்தமில்லை, ஓரமாக வருகிறதைத் தடுக்கத்தான் இது. பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், முகத்தோலுக்கும் அதுதான் நல்லது. ஆர்க்கை அடியிலிருந்தே பார்த்தாக வேண்டிய வேலை என்றால் அவருக்கும் ஒரு ஷீல்டு.

ராடு தொடுவதற்கு முன் வெல்டர் குரல் கொடுக்க வேண்டும். "கண்ணு" என்று ஒரு வார்த்தை போதும், சொல்லிவிட்டு ஒரு நொடி விட்டு அடிக்க வேண்டும். சொல்லிக்கொண்டே அடித்தால் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

வீட்டில் வேலை நடந்தால் வாசலில் ஒரு மறைப்புக் கட்டச் சொல்லுங்கள், பழைய பிளைவுட், துருப்பிடித்த தகரம் எதுவானாலும் சரி. பளபளப்பான தகரம் வேண்டாம், திருப்பி அடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் என்றால் பொறி படாத தூரத்தில் கட்டுங்கள். தூரம் நிறையவே உதவுகிறது: ஒரு மீட்டரில் நிற்பவருக்கு விழுவதில் மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்குதான், பத்து மீட்டரில் நூறில் ஒரு பங்கு. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள், அவர்கள் கண்ணின் லென்ஸ் பெரியவர்களைவிடத் தெளிவாக இருப்பதால் கதிர் இன்னும் ஆழமாகப் போகும். ரீல்ஸ் போட வீடியோ எடுக்கிறவர்கள் திரையைத்தானே பார்க்கிறோம் என்று நினைப்பார்கள். போன் கண்ணை மறைப்பதில்லை, அதைத் தாண்டி வருகிற கதிர் முகம் முழுக்க விழுகிறது. துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொள்வதும் பெரிய பாதுகாப்பு இல்லை.

வெல்டிங் இல்லாமலும் இதே காயம் வரும். பனிமலை சுற்றுலா போகிறவர்களுக்கு வரும், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது, உயரம் கூடக் கூடக் கதிரும் கூடும். லடாக், மணாலி போகிறவர்கள் பக்கவாட்டையும் மூடுகிற, யுவி 400 என்று போட்ட கண்ணாடி எடுத்துப் போங்கள். மைதானம், மண்டபம், குடோன்களில் இருக்கிற மெட்டல் ஹாலைடு விளக்கின் வெளிக்குமிழ் உடைந்தும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைக்கச் சொல்ல வேண்டும், அந்தக் குமிழ்தான் கதிரை மறித்துக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் மறுநாள் கண் எரிச்சலோடு எழுந்ததற்கு, அங்கே ஒரு மூலையில் பொருத்தியிருந்த புற ஊதா விளக்குகளே காரணமாக இருக்கலாம் என்று நடத்தியவர்களே அறிவித்தார்கள்.

நம் சமையலறையிலும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரத்தில் யுவி என்று போட்டிருந்தால் உள்ளே எரிவது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, கிருமியைக் கொல்வதற்கென்றே செய்தது, கருவிழியின் செல்லையும் அது விட்டுவைக்காது. சாதாரணமாக ஸ்டீல் குழாய்க்குள் மூடியிருப்பதால் பயமில்லை. கழற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். சர்வீஸுக்கு வந்தவர் விளக்கை வெளியே எடுத்து "எரியுது பாருங்க" என்று காட்டினால் பார்க்க வேண்டாம், மாட்டி மூடிய பிறகு வெளியே இருக்கிற இன்டிகேட்டரைக் காட்டச் சொல்லுங்கள்.